சதுக்கப் பூதமும் சாலைக் காமிராவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

சென்ற மாதக் கூட்டத்தின் இறுதியில் எழுந்த விவாதம் தங்களுக்கு நினைவிருக்கும். சாலைச் சந்திப்புகளில் காமிராக்களை நாட்டி, அவை பிடித்த படங்களைக் கொண்டு அபராதம் விதிக்கும் முறை நம் குடும்பங்களைப் பெரிதும் வருத்துகின்றது என்றும், அதனை நிறுத்துமாறு சங்கத்தின் பெயரால் போலீஸ் கமிஷனர் அவர்களுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்றும் அன்பர் சிலர் தீர்மானம் கொணர்ந்தனர். வேறு சிலர் அத்தீர்மானத்திற்குக் காத்திராமல், தம் வண்டி எண்ணையும் சலான் எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செயலாளர் கையில் கொடுத்து, அந்த இலாகாவில் இருக்கும் நம்மவர் யாரிடமேனும் சொல்லி நீக்கித் தரவேண்டும் எனக் கேட்டனர். செயலாளர் அவற்றைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். இன்னும் வைத்திருக்கிறார் என்றே நினைக்கின்றேன். வாக்கெடுப்பிற்கு முன் இப்பொருள் பற்றி ஒருவர் ஆராய்ந்து பேசுவது நன்று எனச் செயற்குழுவினர் கருதி, அப்பணியை அடியேனிடம் ஒப்புவித்தனர். தமிழ்ப் பண்டிதனுக்கும் மோட்டார்ச் சட்டத்திற்கும் என்ன உறவு எனக் கேட்கலாம். உறவு உண்டு. அதனைக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்தே தொடங்குகின்றேன்.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலே, புகார் நகரத்து ஐந்து மன்றங்களை இளங்கோவடிகள் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று பூத சதுக்கம். சதுக்கமாவது நான்கு தெருக் கூடுமிடம். இன்று நாம் ஜங்ஷன் என்கின்றோம். அச்சதுக்கத்திலே ஒரு பூதம் நின்றது. பொய்த்தவ வேடத்தார், கற்பு நீங்கி மறைவில் ஒழுகும் பெண்டிர், கீழறுக்கும் அமைச்சர், பிறர்மனை விழைவார், பொய்ச்சாட்சி புகல்வார், புறங்கூறுவார் ஆகியோர் தன் பாசக் கயிற்றில் அகப்படுவர் என்று அது நான்கு காதமும் கேட்கக் குரலெடுத்துக் கூறும்; கூறியபடியே பிடித்து உண்ணும். மற்றொன்று வெள்ளிடை மன்றம். வணிகர் தம் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகளை அங்கே அடுக்கிவைப்பர். கதவில்லை, தாழில்லை, காவலாளும் இல்லை. எவனேனும் களவாடின் அப்பொதியே அவன் தலையிலேறிக் கழுத்து நோவ மன்றத்தைச் சுற்றி அலைய வைக்கும்; வெளியே விடாது.

இவ்விரண்டையும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், இவை கவியின் கற்பனை என்று சொல்லிக் கடந்துவிடுவது ஆசிரியர் வழக்கம். இப்போது அவ்வாறு கடக்க இயலவில்லை. காவலாள் இல்லாமல் குற்றம் தானே பதிவாக வேண்டும், பெயர் பொறித்த பொருள் தானே தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும், பார்ப்பவனுக்கு முகதாட்சிணியம் இருத்தலாகாது என்ற ஆசை பழைய நகரத்தார்க்கும் இருந்தது. அவர்கள் அதற்குப் பூதம் என்று பெயரிட்டனர். நம் நகரத்தார் காமிரா என்கின்றனர்.

இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருங்கச் சொல்வேன். ஒன்று எண்பலகையைப் படிக்கும் காமிரா. வண்டியின் படத்தை எடுத்து, அப்படத்திலுள்ள எழுத்துக்களையும் எண்களையும் கணிப்பொறியே பிரித்தறிந்து, பதிவேட்டில் உரியவர் பெயரைத் தேடிக் கொடுக்கின்றது. சென்னையில் 2019ஆம் ஆண்டு அண்ணா நகரின் சில சந்திப்புகளில் இவ்வகைக் காமிராக்கள் முதலில் பரவலாக அமைந்தன. மற்றொன்று ரேடார். அது கண்ணுக்குப் புலனாகாத அலையை வண்டியின்மேல் ஏவுகின்றது. எதிர்வரும் வண்டியிற் பட்டு மீளும் அலை நெருங்கி மீளும். அந்நெருக்கத்தின் அளவே வண்டியின் வேகத்தைத் தெரிவிக்கும். ரயில் ஊதிக்கொண்டு நம்மை அணுகும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது யாவரும் அறிந்ததே. அதே தத்துவந்தான்.

வேகம் பிடிக்கும் காமிராவை உலகிற்குப் பரப்பியவர் வரலாறு சுவையானது. ஹாலந்து தேசத்து மாரிஸ் கட்ஸோநீடஸ் என்பவர் 1953ஆம் ஆண்டு மாண்டி கார்லோ மோட்டார்ப் பந்தயத்தில் வென்ற வீரர். வளைவுகளில் தம் வண்டி எவ்வளவு வேகத்தில் திரும்புகின்றது என அளந்து, இன்னும் விரைந்து ஓட்டப் பழகுதற்காக ஒரு கருவியைச் செய்துகொண்டார். அக்கருவியின் வழித்தோன்றலே பின்னர்ப் பல தேசத்துப் போலீசார் கைக்குச் சென்று, விரைந்து ஓட்டுவோரை எல்லாம் பிடித்தது. காமிராவைக் கண்டித்துப் பேசுவோர், அஃது ஓட்டத் தெரியாதவன் செய்த சதி என்று மட்டும் சொல்லவேண்டா.

நிற்க. நம் நகரத்து விதிகளுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு மத்திய அரசினர் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்தினர். தமிழ்நாட்டில் அவ்வுயர்வு 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தலைக்கவசம் அணியாதவர்க்கு முன்பு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆயிற்று. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாமற் போனாலும் 10,000. 2023 ஜூன் மாதத்தில் நகரப் போலீசார் ரேடார்க் கருவிகளை நிறுவி, பகலில் 40 கிலோமீட்டர், இரவில் 50 கிலோமீட்டர் என எல்லை அறிவித்தனர். பொதுமக்கள் முணுமுணுப்புப் பேரொலியாயிற்று. போலீசாரும் அதனை நிறுத்திவைத்து, குழு அமைத்து ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பர் 4 முதல் புதிய எல்லைகளை விதித்தனர். கார் முதலிய இலகு வண்டிகளுக்கு 60, கனரக வண்டிகளுக்கு 50, இருசக்கர வண்டிகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டிக்கும் 30. முறையாகக் குறை சொன்னால் அரசினர் செவிசாய்ப்பர் என்பதற்கு இஃது ஓர் உதாரணம். இதனைப் பின்னரும் நினைவூட்டுவேன்.

இவற்றுள் 30 என்னும் எண்ணே நமக்கு மிக வேண்டியது. நம் குடும்பங்கள் பெரும்பாலும் மயிலையிலும், மந்தைவெளியிலும், தியாகராய நகரத்துக் குறுக்குத் தெருக்களிலும், அடையாற்றிலும் வாழ்கின்றன. மெட்ரோ ரயில் பணி தொடங்கியபின் பெருஞ்சாலைகளில் வழி மாற்றப்பெற்று, வண்டிகள் சந்துகளிற் புகுகின்றன. கோலமிட்ட வாசலுக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் இடையே ஒரு முழம் இல்லாத தெருக்கள் எத்தனை! அங்கே 50இலும் 60இலும் செல்வோர், மூன்று நிமிஷம் மிச்சமாயிற்று என மகிழ்கின்றனர். லஸ்ஸிலிருந்து அடையாறு செல்லும் நான்கு கிலோமீட்டரை 40 வேகத்தில் கடக்க ஆறு நிமிஷம்; 60 வேகத்தில் நான்கு நிமிஷம். மிஞ்சுவது இரண்டே நிமிஷம். அவ்விரண்டையும் அடுத்த சிக்னல் வாங்கிக்கொள்ளும்.

வேகத்தின் கணக்கைச் சற்றே விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகின்றேன். பள்ளியில் கணித ஆசிரியரோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. எதிரில் ஒரு குழந்தை ஓடிவருகின்றது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துதற்கு ஒரு விநாடி ஆகும் என வைத்துக்கொள்வோம். உலர்ந்த நல்ல சாலை; நல்ல பிரேக். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 40இல் வந்தது 20 மீட்டரில் நிற்கும். 60இல் வந்தது நிற்க 36 மீட்டருக்கு மேல் வேண்டும். இதுவரை யாவரும் எளிதில் ஒப்புவர். இனிச் சொல்வதே திகைக்க வைப்பது. 40இல் வந்த வண்டி முற்றும் நின்றுவிட்ட அந்த 20ஆவது மீட்டரிலே, 60இல் வந்த வண்டி எவ்வளவு வேகத்தில் இருக்கும்? பாதியாகக் குறைந்திருக்கும் எனப் பலரும் நினைப்பர். இல்லை. ஏறக்குறைய 55. ஏனெனில் ஓட்டுபவன் உணர்வதற்குள்ளேயே 16 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது; பிரேக் பிடித்து மூன்று மீட்டர்தான் ஆயிற்று. ஆகவே ஒரு வண்டி குழந்தைக்கு முன்னே வந்து நிற்கும் இடத்தில், மற்றொரு வண்டி 55 வேகத்தில் குழந்தையின்மேல் மோதும். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்மடங்கு என்பது இயற்கையின் விதி. அதற்கு எந்தச் சங்கமும் விண்ணப்பம் எழுத முடியாது.

மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தார் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டு நம் நாட்டிற் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துக்களில் இறந்தனர். அவ்வாண்டு விபத்துக்களின் எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களுள் முதலாவதாக நின்றது நம் தமிழ்நாடு: 64,105 விபத்துக்கள், 17,884 உயிர்கள். இறந்தோருள் இருசக்கர வண்டியிற் சென்றோரே மிகப் பலர். அடுத்த பெருந்தொகையினர் கால்நடையாகச் சென்றோர். கார் வைத்திருப்பவர் வேக எல்லையைப் பற்றிக் குறைப்படும்போது, அவ்வெல்லை யாருக்காக இடப்பட்டது என்பதை இக்கணக்குச் சொல்லும்.

பங்குனித் திருவிழாவில் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாடவீதியில் வருவதை நாம் சிறுவயது முதல் கண்டு வருகின்றோம். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கின்றனர். ஆரவாரம் வானைப் பிளக்கின்றது. ஆனால் தேருக்குச் சக்கரத்தடியில் குனிந்து, முட்டுக்கட்டை கொடுத்துக்கொண்டே வருவார் சிலர் உண்டு. அவர்களை யாரும் பார்ப்பதில்லை. தேர் எப்போது நகர வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கின்றது. இன்று பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுப்பது எனப் பொருள் கொள்கின்றோம். அச்சொல்லுக்கு நேர்ந்த அவமானம் வருந்தத்தக்கது. தேரோட்டத்தில் அது உயிர்காக்கும் பொருள்.

நம் பழம்புலவர் விரைவை வெறுத்தவர் அல்லர். தலைவன் போர் முடித்து மீளும்போது தேரை விரைந்து செலுத்துமாறு பாகனுக்குச் சொல்லும் பாடல்கள் மிகப் பல. எனினும் அகநானூற்றிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனைப் பாருங்கள். காதலியைக் காண விரைந்து வருகின்றவன், வழியிற் பூக்களில் தேனுண்ணும் வண்டினங்கள் கலங்குமே என அஞ்சித் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். நம் தெருக்களில் ஆஸ்பத்திரி வாசலிலும் பரீட்சை நடக்கும் பள்ளி வாசலிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே செல்லும் தலைவர்களுக்கு இப்பாடலை யார் சொல்வது?

இனி, பெற்றோர்க்கு ஒரு சொல். மனுநீதிச் சோழன் வரலாறு அறியாதார் ஈண்டு இலர். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் அவன் உருவச்சிலை நிற்கின்றது. அவ்வரலாற்றை நீதி தவறாமைக்கு மேற்கோளாகவே சொல்லிவருகின்றோம். அதனை ஒரு சாலை விபத்தின் வழக்காகவும் படித்துப் பாருங்கள். திருவாரூர்த் தெரு, கூட்டம் மிகுந்த வீதி. இளவரசன் தேர், பரிவாரம் சூழ்ந்த ஆரவாரம். எதிர்பாராமல் ஓடிவந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. வேண்டுமென்று ஏற்றினான் அல்லன். அமைச்சர் பிராயச்சித்தம் சொன்னார். பரிகாரம் உண்டு, சாஸ்திரம் உண்டு, இளவரசன் ஒரே மகன் என்று எத்தனையோ காரணம் கூறினர். அரசன் அவற்றைக் கொள்ளவில்லை. பிறன் மகனாயின் என்ன செய்வோமோ அதுவே தன் மகனுக்கும் என்றான்.

திருத்திய சட்டத்தின் 199அ பிரிவு இதனை நினைவூட்டுகின்றது. பதினெட்டு வயது நிரம்பாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரியின், குற்றவாளி அவன் தந்தையோ பாதுகாவலரோ வண்டிக்கு உரியவரோ ஆவார். மூன்றாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் ஓராண்டு ரத்தாகும். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் செய்பவன். பள்ளி விடும் நேரத்தில், வாசலுக்கு அடுத்த சந்தில் ஸ்கூட்டர்களை நிறுத்திவிட்டு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை நாள்தோறும் காண்கின்றேன். வாசலில் நிறுத்தினால் தலைமையாசிரியர் பார்ப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து எடுத்துவந்தது தந்தைக்குத் தெரியும். சந்தில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று ஒரு பையனைக் கேட்டேன். "அப்பாதான் சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

இவ்வளவும் சொன்னதால் காமிரா முறையில் குறையே இல்லை என்று அடியேன் வாதிப்பதாகக் கொள்ளவேண்டா. தீர்மானம் கொணர்ந்த அன்பர்கள் கூறிய குறைகளுள் சில மெய்யானவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

விற்றுவிட்ட வண்டிக்கு அபராதம் வருகின்றது என்றார் ஒருவர். அது காமிராவின் குற்றம் அன்று. வண்டியை விற்றவர் பதினான்கு நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது பழைய சட்டமே. நம்மிற் பலர் பணத்தை எண்ணிக்கொண்டு சாவியைக் கொடுத்ததோடு விற்பனை முடிந்தது என்றிருக்கின்றனர். பெயர் மாறாத வண்டி, வெள்ளிடை மன்றத்துப் பொதிபோல நம் கழுத்திலேயே இருக்கின்றது.

எண்ணைத் தவறாகப் படித்து வேறொருவருக்கு அபராதம் அனுப்புகின்றது என்பது அடுத்த குறை. இது நேரக்கூடியதே, 3ஐ 8 என மனிதரும் படிப்பதுண்டு. இதற்குத்தான் 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167அ என்னும் விதியைச் சேர்த்தனர். அதனை நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். இயந்திரத்தைக் கொண்டு குற்றம் பிடிப்பதாயின், அவ்வியந்திரம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அச்சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெற வேண்டும். காமிரா இருக்கும் சாலைப்பகுதிக்கு முன்னரே, இங்கே காமிரா உண்டு என்ற பலகை கண்ணிற் படும்படி நிற்கவேண்டும். குற்றம் நிகழ்ந்த பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்பவேண்டும். அவ்வறிவிப்பில் குற்றத்தையும் எண்பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறிய பிரிவு யாவும் இருக்கவேண்டும். பூதமும் பிடிப்பதற்கு முன் நான்கு காதம் கேட்கக் கூவியது என்பதை மறவாதீர்கள். கூவாமல் பிடிக்கும் பூதம் கதையிலும் இல்லை, விதியிலும் இல்லை.

நம்முள் வணிகர் பலர் இருக்கின்றீர்கள். தராசும் எடைக்கல்லும் முத்திரை பெறாமல் கடையில் இருந்தால் இன்ஸ்பெக்டர் விடுவாரா? அதே சட்டத்தின்கீழ், வேகம் அளக்கும் ரேடார்க் கருவிகளும் சோதித்து முத்திரை பெறவேண்டும் என 2025ஆம் ஆண்டு மத்திய அரசினர் விதி வகுத்தனர். ஆகவே படமில்லாத சலானையும், பலகை இல்லாத இடத்துச் சலானையும், முத்திரையில்லாத கருவியின் சலானையும் எதிர்த்து முறையிட நமக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை சட்டம் கொடுத்தது. எவருடைய தயவும் அன்று.

ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே அபராதம் என்பது மூன்றாவது குறை. இதனை எளிதில் மறுக்க இயலாது. 1,000 ரூபாய் என்பது பாண்டி பஜாரில் ஒரு குடும்பம் மாலைச் சிற்றுண்டிக்குச் செலவிடும் தொகை. வீடுவீடாக உணவு கொண்டு கொடுக்கும் பிள்ளைக்கு அது நாள் முழுதும் ஓடிய உழைப்பு. அவன் விரைந்து ஓடுவதும் தன் இன்பத்திற்காக அன்று; கம்பெனி விதித்த நேரத்திற்காக. பின்லாந்து தேசத்தில் வருமானத்தைப் பொறுத்து அபராதம் விதிக்கின்றனர். 2002ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனத்து உயர் அலுவலர் ஒருவர் 50 எல்லையில் 75 வேகத்தில் சென்றமைக்கு 1,16,000 யூரோ அபராதம் விதித்தனர். வருமானம் குறைந்தது எனக் காட்டி மேல்முறையீட்டில் அவர் அதனைக் குறைத்துக்கொண்டார் என்பது வேறு செய்தி. நம் சட்டத்தில் அம்முறை இல்லை. வேண்டும் என்று கேட்பது நியாயமான விண்ணப்பம்.

நான்காவது குறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. சாலையில் பள்ளம் வெட்டி மூடாதவரை யார் பிடிப்பது? எரியாத விளக்குக்கு எந்தக் காமிரா? நடைபாதையை அடைத்துக் கடையும் டிரான்ஸ்பார்மரும் நிற்கும்போது, முதியோர் சாலையில் இறங்கி நடக்கின்றனர். அவர்களை இறக்கிவிட்டவர்க்குச் சலான் உண்டா? புகார் நகரத்து ஐந்தாம் மன்றம் பாவை மன்றம். அரசன் கோல் கோணினும், நியாயம் சொல்லும் அவையத்தார் ஒருபக்கம் சாயினும், அங்குள்ள பாவை வாய் பேசாது, கண்ணீர் மட்டும் வடிக்கும். குடிகளைப் பிடிக்கப் பூதத்தை நாட்டிய நகரம், ஆள்வோரைக் காட்டப் பாவையையும் நாட்டியது. பூதத்தின் பட்டியலிலும் அமைச்சர் உண்டு. நம் சட்டத்திலும் ஒரு பாவை இருக்கின்றது. 198அ பிரிவின்படி, விதித்த தரத்திற்கு மாறாகச் சாலை அமைத்தோ பராமரித்தோ, அதனால் மரணமோ ஊனமோ நேரின், அப்பொறுப்புடைய அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 1,000 ரூபாய்ப் பிரிவுகளை யாவரும் அறிந்திருக்கின்றோம். இந்த ஒரு லட்சம் ரூபாய்ப் பிரிவை இவ்வவையில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கின்றீர்கள்? கையுயர்த்துமாறு கேட்கவில்லை, முகங்களே சொல்கின்றன.

இத்தகைய குறைகளை முறையாக எடுத்துச் சென்றால் பயன் விளையும் என்பதற்கு நம் நாட்டவர் ஒருவரே சான்று. கோயம்புத்தூர் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். இராஜசேகரன் அவர்கள், முறிந்த எலும்புகளை நாள்தோறும் சேர்த்துச் சேர்த்துச் சலித்து, முறியாமல் காப்பது எப்படி எனக் கேட்டு 2012ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014இல் நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அவ்வழக்கிலேயே, காமிரா முதலிய கருவிகளால் கண்காணிக்கும் 136அ பிரிவையும், அதற்குரிய 167அ விதியையும் மாநிலங்கள் நிறைவேற்ற வேண்டும் என 2024 செப்டம்பரில் ஆணை பிறந்தது. ஆகலின் காமிராவே வேண்டா என நாம் அனுப்பும் விண்ணப்பம் குப்பைக் கூடைக்குத்தான் செல்லும். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 காமிராக்களைக் கொண்டு மாநிலம் முழுதும் அபராதம் விதிக்கத் தொடங்கினர்; ஒப்பந்தம் பற்றிப் பெரும் பூசல் எழுந்தது; ஆயினும் காமிராவைக் கழற்றிவிடவில்லை.

இப்போது, பலரும் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்லும் கட்டத்திற்கு வந்துவிட்டேன். செயலாளர் சட்டைப்பையிலுள்ள துண்டுத்தாள்களைப் பற்றியது.

நம் சங்கம் உதித்த காலத்தில், வெளியூரிலிருந்து படிக்கவந்த பிள்ளைக்குத் தங்க இடமும், வேலை தேடுவோர்க்கு ஓர் அறிமுகக் கடிதமும் கொடுப்பதே அதன் முதற் கடமையாக இருந்தது. அறிமுகக் கடிதம் அக்காலத்தில் நியாயமானது. நகரத்தில் நம்மை அறிந்தார் இல்லை. அப்பழக்கத்தின் வால்தான் இன்று சலானை நீக்கச் சொல்லும் சிபாரிசாக நீண்டிருக்கின்றது. சந்திப்பில் நிற்கும் கான்ஸ்டபிள் மனிதர்; அவர் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, உறவைக் கேட்டு வண்டியை விடுவித்துக்கொண்ட கதைகளை நம் வீட்டுத் திண்ணைகளில் பெருமையோடு சொல்வார் உண்டு. விடுவிக்கப்பெற்றவர் நம்மவராயின், அதே சந்திப்பில் அன்றே பிடிபட்டுப் பணம் கட்டியவன் வேறு எவனோ ஒருவன். அவனுக்குச் சங்கம் இல்லை, அல்லது அவன் சங்கத்தார்க்கு அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் ஆளைத் தேடினால், சாலையில் விதி என்ற ஒன்று இல்லை. யாருக்கு ஆள் உண்டு என்பதே விதி. காமிரா நம் முகத்தைப் பார்க்கின்றது. நம் குலத்தைக் கேட்பதில்லை. பலருக்கு அதன்மேல் உள்ள சினத்திற்கு இதுவே உள்ளிருக்கும் காரணம் என்று அடியேன் எண்ணுகின்றேன்.

இங்கே மீண்டும் சிலப்பதிகாரம் வருகின்றது. அடைக்கலக் காதையில், கோவலனின் பண்பை எடுத்துரைக்கும் மாடலன் ஒரு நிகழ்ச்சி சொல்கின்றான். பத்தினி ஒருத்தியின்மேல் பொய்ச்சாட்சி கூறிய ஒருவனைச் சதுக்கப் பூதம் பாசத்தாற் கட்டியது. அவன் தாய் அலறினாள். அதுகண்டு பொறாத கோவலன் தானே பாசத்துட் புகுந்து, என்னுயிரைக் கொண்டு இவனை விடு என்றான். இதனினும் பெரிய சிபாரிசு உலகத்தில் உண்டோ? பெருங்குடி வணிகன்; நகரமே மதிப்பவன்; தன் உயிரையே கொடுக்க வந்தவன். பூதம் என்ன செய்தது? தீயோன் உயிருக்கு ஈடாக நல்லோன் உயிரைக் கொள்ளும் வழக்கம் தனக்கு இல்லை என மறுத்து, அவனையே பிடித்துக்கொண்டது. கதை அத்துடன் நிற்கவில்லை. கோவலன் அத்தாயோடு வீடு சென்று, அவளையும் அவள் சுற்றத்தாரையும் பல்லாண்டு பொருள் கொடுத்துக் காத்தான்.

சங்கம் செய்யத்தக்கதும் தகாததும் இந்நிகழ்ச்சியிற் பிரிந்து நிற்கின்றன. பூதத்தினிடம் பேசச் செல்லவேண்டா. ஆனால் அபராதம் கட்ட வழியற்ற ஏழை உறுப்பினரின் வீட்டுக்குச் செல்லலாம். சங்க நிதியிலிருந்து கைம்மாற்றாகக் கொடுக்கலாம். தலைக்கவசம் வாங்க இயலாத மாணவனுக்கு, இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவில் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பதிலாக ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட தலைக்கவசம் ஒன்றே கொடுக்கலாம். தவறான சலான் பெற்றவர்க்கு இணையத்தில் முறையீடு எழுதத் தெரியாவிடின், நம் இளைஞர் இருவர் ஞாயிறு காலையில் இம்மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். இரண்டு இளைஞர் முன்வந்திருக்கின்றனர்; பெயரைச் செயலாளர் அறிவிப்பார்.

தீர்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காமிராக்களை நீக்குக என்னும் வாசகத்தை நீக்கிவிட்டு, கமிஷனர் அவர்களுக்கும் மாநகராட்சியார்க்கும் இவ்வாறு எழுதலாம் எனத் திருத்தம் கொணர்கின்றேன்: மயிலை, மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகரம் ஆகிய பகுதிகளில் காமிரா உள்ள இடங்களுக்கு முன் 167அ விதிப்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குடியிருப்புத் தெருக்களின் முகப்பில் 30 என்னும் எல்லைப் பலகை வைக்க வேண்டும், அழிந்துபோன நடைக்கோடுகளை மீண்டும் தீட்ட வேண்டும், பணி முடிந்த இடங்களில் பள்ளங்களை உடனே மூட வேண்டும். இவை யாவும் சட்டத்துக்கு உட்பட்ட வேண்டுகோள்கள். 2023இல் வேக எல்லையை மாற்றியவர்கள் இவற்றையும் கேட்பர்.

துண்டுத்தாள்களை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். எனக்கு அளித்த நேரம் கடந்துவிட்டது. வாக்கெடுப்பும் அதன்பின் சிற்றுண்டியும் காத்திருக்கின்றன. திருத்தத்தை வழிமொழிய விரும்புவோர் எழுந்து பேசலாம்.